சிட்டையில் ஏறாத கணக்கு: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான். போன இதழில் யாரோ கேட்டதற்கு, 'இலக்கியம் படிக்கிற பழக்கம் நம்ம கொங்குப் பக்கம் குறைச்சல்தான்' என்று போகிற போக்கில் எழுதித் தொலைத்துவிட்டேன், அதன் விளைவு. திட்டி வந்தவை நான்கு. அதில் ஒன்று தபால் கார்டில், மணிமணியான கையெழுத்தில் இருக்கிறது, அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். தென்னை வெள்ளை ஈ, பத்திரப் பதிவு, மகன் கல்யாணத்துக்குப் பெண் கிடைக்காதது பற்றியெல்லாம் எழுதியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இலக்கியம் என்றால் என்ன? சுற்றி வளைக்காமல் சொல்லவும். (திருப்பூர் வாசகர்)

பதில்: சுற்றி வளைக்காமல் சொல்ல முடிகிற விஷயமாக இருந்தால் தொல்காப்பியரோடு பேச்சு முடிந்திருக்கும். அகப்பாட்டைப் பற்றிச் சொல்லும்போது அவர் 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும் பாடல் சான்ற புலனெறி வழக்கம்' என்கிறார். கட்டியதும் உண்டு, நடந்ததும் உண்டு, இரண்டையும் பிசைந்து புலவர்கள் போட்ட தடம் என்று வைத்துக்கொள்ளலாம். எனக்கு இது போதும், உங்களுக்குப் போதாது என்று தெரிகிறது.

சரி, வேறு வழியில் வருகிறேன். பேப்பரில் அடிக்கடி ஒரு செய்தி வரும், 'கிணற்றில் தவறி விழுந்து இளம்பெண் சாவு' என்று. நம் பக்கத்துக் கிணறுகள் எண்பதடி, நூறடி என்று போகிறவை, விழுந்தால் எடுப்பதற்கே தீயணைப்பு வண்டி வர வேண்டும், அதனால் நாமும் 'ஐயோ பாவம்' என்றுவிட்டு அடுத்த பக்கம் திருப்பிவிடுகிறோம். இலக்கியம் அந்தத் 'தவறி' என்ற சொல்லிலேயே நின்றுவிடும். அந்நேரத்துக்கு அவள் ஏன் கிணற்று மேட்டுக்குப் போனாள், குடம் எடுத்துப் போனாளா, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தாளா, முந்தின நாள் வீட்டுக்கு வந்துபோன ஒரம்பரை (விருந்தாளி) யார், போலீஸ்காரரிடம் 'தவறி' என்ற சொல்லை முதலில் சொன்னது யார். பதில் தெரிந்துகொண்டு எழுத உட்காருகிறார்கள் என்று நினைக்காதீர்கள், கேட்காமல் இருக்க முடியாமல்தான் உட்காருகிறார்கள். செய்தியைப் பொய் என்று நான் சொல்லவில்லை. செய்திக்கு அந்த ஒரு சொல் போதும், அவ்வளவுதான்.

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் பதினெட்டு வருஷம் கணக்கு எழுதியவன். மூட்டை எத்தனை, எடை எவ்வளவு, விரலியா கிழங்கா, ஏல விலை, கமிஷன், வண்டி வாடகை, எல்லாம் சிட்டையில் ஏறும். விலை அடிமட்டத்துக்குப் போன ஒரு வருஷம், பெரியவர் ஒருவர் பணத்தை வாங்கி எண்ணிக்கூடப் பார்க்காமல் மடியில் கட்டிக்கொண்டு, காலிச் சாக்குகளை ஒவ்வொன்றாக உதறி மடிக்க ஆரம்பித்தார். மடித்து அடுக்கினதை மறுபடி பிரித்து, மறுபடி மடித்து, இப்படியே அரைமணி நேரம். யாரும் அவரை எழுந்து போகச் சொல்லவில்லை. அன்றைய சிட்டையில் அவர் கணக்கு பைசா பிசகாமல் இருக்கிறது, சாக்கு மடித்தது மட்டும் அதில் ஏறவில்லை. அந்த அரைமணி நேரத்தை எவன் எழுதுகிறானோ அவன் இலக்கியம் எழுதுகிறான். நான் எழுதவில்லை, கூட்டல் போட்டுக்கொண்டிருந்தேன்.

கேள்வி: என் மகள் பதினொன்றாம் வகுப்பு. டாக்டருக்குப் படிக்க வைக்க ஆசைப்படுகிறோம். ஆனால் அவள் சினேகிதிகளிடம் கதைப் புத்தகங்கள் வாங்கி வந்து ராத்திரி பதினோரு மணிக்குமேல் படிக்கிறாள். கேட்டால் 'இது கதையில்லைப்பா, இலக்கியம்' என்கிறாள். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று அவளுக்கு விளங்கும்படி நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். அவள் உங்கள் பக்கத்தைப் படிப்பாள். (திருச்செங்கோட்டுப் பக்கம், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருப்பவர்)

பதில்: எடுத்துச் சொல்ல நீங்கள் பிடித்த ஆள் சரியில்லை.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். ஒருத்தர் தோட்டத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஓட்டுகிறீர்கள். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் குறித்துக் கொடுத்த இடம். ஆயிரம் அடி போயும் புகையாகத்தான் வருகிறது. விடிகிற நேரத்தில், இன்னும் நூறடி ஓட்டலாமா நிறுத்திவிடலாமா என்று கேட்கப் போகிறீர்கள். அப்போது அந்தத் தோட்டக்காரர் முகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், பக்கத்தில் நின்ற அவர் வீட்டம்மாள் முகத்தையும். அதற்கப்புறம் அடிக்கு இத்தனை என்று கணக்குப் போட்டுப் பணம் வாங்கியாக வேண்டும், வாங்காவிட்டால் டீசலுக்கு என்ன செய்வது, அதில் தப்பில்லை. ஆனால் அந்த முகம் எங்கே போயிற்று? உங்களுக்குள் எங்கேயோதான் கிடக்கிறது, வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டீர்கள். உங்கள் மகள் ராத்திரி பதினோரு மணிக்குப் படிப்பது அந்த மாதிரி முகங்களைத்தான்.

இதனால் அவள் நல்ல டாக்டர் ஆகிவிடுவாள் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். அலமாரி நிறையப் புத்தகம் வைத்துக்கொண்டு வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணை வாசலோடு நிறுத்துகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு எழுத்துகூடத் தெரியாத எங்கள் ஆத்தாளோ தெருவில் போகிறவர் நடையைப் பார்த்தே 'சோறு உங்காம போறாப்ல' என்று கூப்பிட்டு உட்கார வைக்கும். ஆகவே படித்தால் ஈரம் சுரக்கும் என்று எழுதித்தர என்னால் முடியாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நாளைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கிழவி வந்து 'வவுறு கவகவங்குது சாமி, மனசெல்லாம் ஒரே வெசனம்' என்பாள். வயிற்றுக்கு மாத்திரை உண்டு. வெசனம் என்ற சொல் பரிசோதனைச் சீட்டில் வராது. அந்தச் சொல்லுக்குமுன் கொஞ்சம் நிற்கிற பழக்கம் எங்கிருந்தாவது வர வேண்டுமே.

பதினோரு மணி சமாசாரத்தில் நான் உங்கள் கட்சி. இலக்கியம் படித்து மார்க் குறையாது, தூக்கம் கெட்டால் குறையும். ஞாயிற்றுக்கிழமை ஒரு பொழுது முழுக்க அவளுக்கென்று விட்டுவிடுங்கள், மற்ற நாள் பத்து மணிக்கு விளக்கணைத்து விடட்டும். பரீட்சை வரை புத்தகங்களைப் பூட்டி வைக்கிற யோசனை உங்களுக்கு இருந்தால் கைவிடுங்கள், சாவியைக் கண்டுபிடிக்கிற நேரமும் சேர்ந்து வீணாகும். அப்புறம், அடுத்த முறை வண்டியோடு வட மாநிலத்துக்குப் போகும்போது அவள் படித்து முடித்த புத்தகத்தில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போங்களேன். ஆந்திரா தாண்டுவதற்குள் முடித்துவிடலாம்.

கேள்வி: பஸ் ஸ்டாண்டில் விற்கிற க்ரைம் நாவல் இலக்கியமா? (பெருந்துறை வாசகர்)

பதில்: ஈரோட்டிலிருந்து கோயம்புத்தூர் பஸ்ஸில் எத்தனையோ படித்திருக்கிறேன். பெருந்துறையில் கொலை விழும், அவிநாசியில் சந்தேகம் வேறு ஆள்மேல் திரும்பும், காந்திபுரத்தில் இறங்கும்போது ஆள் பிடிபட்டிருப்பான். நேரத்துக்குத் தப்பாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற அந்தக் கைத்திறமை சாதாரணமில்லை. ஆனால் பல சமயம் புத்தகத்தை சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறேன், திரும்பிப் போய் எடுக்கத் தோன்றியதில்லை. முடிவு தெரிந்தபின்னும் திரும்ப எடுக்கத் தோன்றுகிற புத்தகம் வேறு வகை. இரண்டும் வேண்டும் என்பேன். பஸ்ஸில் வருகிறவனிடம் 'நீ ஏன் கனமான புத்தகம் படிக்கவில்லை' என்று கேட்கிற ஆட்களோடு எனக்குச் சகவாசம் இல்லை.

கேள்வி: நூலகத்தில் 'நாகம்மாள்' நாவல் எடுத்து வந்து படித்தேன். எங்கள் மாமியாரும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, 'இவளெல்லாம் ஒரு பொம்பளையா, இதையெல்லாம் படிச்சா ஊடு வெளங்குமா' என்று கோபப்படுகிறார். இலக்கியம் நல்வழி காட்ட வேண்டாமா? அவர் சொல்வது சரி என்றும் படுகிறது, இல்லை என்றும் படுகிறது. (காங்கேயம் வாசகி)

பதில்: முதலில் உங்கள் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அம்மிணி. 1942-ல் வந்த நாவல். எண்பது வருஷம் கழித்து ஒரு வீட்டு ஆசாரத்தில் (முன்கூடத்தில்) உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தவருக்குக் கோபம் வருகிறது என்றால், அது இன்னும் உயிரோடு இருக்கிறது. 'அருமையான நாவல்' என்று சொல்லி ஓரமாக வைத்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

படிக்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. எழுதியவர் ஆர். சண்முகசுந்தரம், தாராபுரத்தை ஒட்டிய கீரனூர்க்காரர், எழுதும்போது இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். தமிழின் முதல் வட்டார நாவல் என்று பலரும் இதைச் சொல்வார்கள். கணவன் செத்தபின் கொழுந்தன் குடும்பத்தோடு இருக்கிற நாகம்மாள் தன் பங்கைப் பிரித்துக் கேட்கிறாள். கதை அதுதான்.

அவள் கேட்ட சமயத்தில் சட்டம் எங்கே நின்றது என்று பாருங்கள். 1937-ல் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் வந்தது, செத்தவனுடைய பங்கில் விதவைக்கு அவள் ஆயுசு வரைக்கும் அனுபவ உரிமை கொடுத்தது. 1941-ல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தச் சட்டம் மாகாணங்களில் விவசாய நிலத்துக்குச் செல்லாது என்றது. அதாவது வீட்டில் பங்கு உண்டு, காட்டில், வெள்ளாமை நிலத்தில், கிடையாது. நம் ஊரில் காடு என்றால்தானே சொத்து! அதைச் சரிக்கட்ட மதராஸ் மாகாணச் சட்டம் 1947-ல்தான் வந்தது. இந்த இடைவெளியில் வந்து நிற்கிறாள் நாகம்மாள். சண்முகசுந்தரம் இந்தத் தீர்ப்பை மனதில் வைத்து எழுதினார் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டப் புத்தகத்தில் 'விதவை', 'விவசாய நிலம்' என்று இரண்டு சொல்லாக இருப்பது நாவலில் ஒரு பெண்ணாக, கோபக்காரியாக, ஊர் வாய்க்குப் பயப்படாதவளாக நடமாடுகிறது.

உங்கள் மாமியார் கோபத்துக்கு இப்போது வருகிறேன். நாகம்மாளைப் பொறுமைசாலியாக, நாலு பேர் கையெடுத்துக் கும்பிடுகிற மாதிரி படைத்திருந்தால் எல்லாருக்கும் வசதியாக இருந்திருக்கும். அவளுக்கு நியாயம் வேண்டும் என்று நாமும் கண் கலங்கியிருப்போம். அவர் அப்படிச் செய்யவில்லை. நியாயம் கேட்டு வருகிறவர் அப்பழுக்கில்லாதவராகவும் இருந்தாக வேண்டும் என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்தில் எழுதாத விதி. பங்கு கேட்டு வந்த பெண்ணைப் பற்றி முதலில் பேசப்படுவது பங்கைப் பற்றியா? இல்லை, அவள் நடத்தையைப் பற்றி. நாவல் நம்மையும் அந்தப் பஞ்சாயத்தில் திண்ணையில் ஏற்றி உட்கார வைத்துவிடுகிறது, நாமும் 'இவளெல்லாம்' என்று ஆரம்பித்துவிடுகிறோம். நானும் முதல் தடவை அப்படித்தான் படித்தேன்.

நல்வழி காட்டுவது பற்றி என் சொந்தக் கதை ஒன்று. தமிழ்நாட்டில் பெண் பிள்ளைகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்தது 1989-ல். எங்கள் அப்பா காலமானபின் என் அக்காளைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். எல்லாக் குடும்பத்திலும் செய்கிறதுதான், கல்யாணத்துக்கு நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று, அதற்குமேல் என்ன என்று. அக்கா ஒரு பேச்சுப் பேசவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது, 'கெணத்து மேட்டு வேம்ப மட்டும் வெட்டிப்போடாத' என்றாள். நாகம்மாளை நான் அதற்கு ஏழெட்டு வருஷம் முன்பே படித்திருந்தேன். படித்திருந்தும்தான் வாங்கினேன். வேப்ப மரம் இருக்கிறது. அதன் நிழலில் கட்டில் போட்டுப் படுக்க இன்றைக்கும் எனக்கு ஒரு கூச்சம், அந்தக் கூச்சத்தில் பாதி அக்காள் கொடுத்தது, பாதி நாகம்மாள் கொடுத்தது. இலக்கியம் வழி காட்டுகிறதா என்று கேட்டீர்கள், எனக்குத் தெரிந்து அது காட்டுகிற வழி இவ்வளவுதான்.

உங்கள் மாமியாரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அவர் எந்தக் காட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் என்று.

கேள்வி: இப்போது எல்லாரும் வட்டார வழக்கில் எழுதுகிறார்கள். நம் பேச்சு வெளியூர்க்காரனுக்குப் புரியுமா? இலக்கியத்துக்குச் செந்தமிழ் அல்லவா அழகு? (கோவை வாசகர்)

பதில்: செய்யுளுக்கு உரிய சொல் எவை என்று தொல்காப்பியர் நாலு வகை சொல்கிறார். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். மூன்றாவதைக் கவனியுங்கள். சுற்றுப்பக்க நாட்டுச் சொல்லுக்கு அவர் திண்ணையில் இல்லை, பந்தியிலேயே இலை போட்டிருக்கிறார். நீங்கள் ஏன் எழுப்புகிறீர்கள்?

இட்டேரி என்று ஒரு சொல். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் மாட்டு வண்டி போகிற அளவுக்குத் தடம். வேலியில் கோவைக்கொடி, பிரண்டை, ஓணான், குருவிக்கூடு, நடந்தால் காலில் நெருஞ்சி ஏறும். பொழுதோட அந்தத் தடத்தில் ஆட்டை ஓட்டிக்கொண்டு வருகிற சத்தம் முதலில் கேட்கும், புழுதி அப்புறம் தெரியும். இதைச் 'சந்து' என்றாலோ 'மண்பாதை' என்றாலோ வேறு ஊர் ஆகிவிடும். இப்போது இட்டேரிகளைத் தாராக்கி, வேலியை எடுத்துவிட்டுக் கல்லுக்கால் ஊன்றிக் கம்பி கட்டிவிட்டோம், எங்கள் வீட்டுப் பேரன் பேத்திகளுக்கு அது 'ரோடு'. மேய்ச்சல் நிலமான கொறங்காடு, வீட்டுப் பின்புறமான பொடக்காலி, பரணான அட்டாலி எல்லாம் இதே கதிதான். தடம் போனபின் சொல் தங்குவதற்கு இருக்கிற இடம் கதைதான். பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்தார், நல்ல காரியம், என் மேஜையில் இருக்கிறது, ஆனால் அகராதியில் அந்தச் சொல் நிற்கும், கதையில்தான் நடக்கும்.

வெளியூர்க்காரனுக்குப் புரியுமா என்றால், நமக்குக் கடலோரத்து மீன்களின் பெயர் தெரிந்தா நெய்தல் கதை படிக்கிறோம்? இரண்டு பக்கம் தள்ளினால் தானாகப் புரியும்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். சினிமாவில் நம் பேச்சைச் சிரிக்க வைப்பதற்கென்று வைத்திருக்கிறார்கள். எழுதுகிறவர்களிலும் சிலர் செந்தமிழில் யோசித்துவிட்டு, கடைசியில் வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' ஒட்டிவிட்டு கொங்கு நாவல் என்கிறார்கள். புளிக்காத மாவுக்குச் சோடா மாவு போடுகிற வேலை இது. 'ங்க' போடாமல், ஒருத்தர் சோறு உண்ண உட்காருகிற விதத்திலேயே இந்த ஊர் என்று காட்ட முடியும்.

கேள்வி: ஊரையோ சாமியையோ தவறாக எழுதினால் எழுத்தாளரைச் சும்மா விடலாமா? (பெயர், ஊர் வேண்டாம் என்கிறார்)

பதில்: எதை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது. 2010-ல் வந்த பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் மேல் நாலு வருஷம் கழித்துத் தகராறு கிளம்பி, 2015 ஜனவரியில் 'எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான்' என்று அவரே எழுதிப்போட்டார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போடலாம், படித்தே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, எழுத்தாளர் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்பது அதன் சாரம். என் கருத்தும் அதுதான். கோபம் வந்தால் கடிதம் எழுதுங்கள், பதிலுக்கு நீங்களே ஒரு நாவல் எழுதுங்கள். வீட்டு முன்னால் கூட்டம் சேர்ப்பது வேறு வகை வேலை.

கேள்வி: உடுக்கையடிப் பாட்டில் அண்ணன்மார் சாமி கதை கேட்டு வளர்ந்தவன் நான். எழுதாமலே வாயில் வந்த கதையை இலக்கியம் என்று ஒத்துக்கொள்வார்களா? (வெள்ளகோவில் வாசகர்)

பதில்: யார் ஒத்துக்கொள்ள வேண்டும்? அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊரில் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) உடுக்கைப் பாட்டுக்காரர் வருவார். எனக்கு எட்டு வயதிருக்கும், சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு கேட்பேன். அண்ணன்மாரான பொன்னரும் சங்கரும் சாகப் போகிறார்கள் என்பது கூட்டத்தில் கைக்குழந்தை தவிர எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும், தங்கை அண்ணன்மாரைத் தேடிக்கொண்டு போகிற இடம் வந்தால் அமுச்சி (அம்மாவின் அம்மா) முந்தானையை வாயில் வைத்துக்கொள்ளும். வருஷா வருஷம் அதே இடத்தில். முன்னே சொன்ன க்ரைம் நாவலுக்கு நேர் எதிர் இது, இங்கே முடிவு தெரிந்ததால்தான் அழுகையே. வீரப்பூரில் அந்தச் சாவை நடத்திக் காட்டுகிற படுகளம் போடும்போது ஆட்கள் பிணமாகவே சாய்வதையும் தண்ணீர் தெளித்து எழுப்புவதையும் பார்த்தவர்கள், கதை எங்கே முடிந்து ஊர் எங்கே ஆரம்பிக்கிறது என்று கோடு போட மாட்டார்கள்.

கனடாவைச் சேர்ந்த பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் 1965-ல் காங்கேயத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி இந்தப் பாட்டை முழுக்க ஒலிநாடாவில் பிடித்தார். அதற்கப்புறம் புத்தகமாகவும் போட்டார். நாம் காலையில் வெள்ளாமை வேலை இருக்கிறதென்று பாதியில் எழுந்து போனபோது அந்தம்மாள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

ஆனால் ஒன்று. அந்தப் பாட்டு நம்மை எப்போதும் அண்ணன்மார் பக்கமே நிற்க வைத்துவிடும். எதிரே நின்ற வேட்டுவர் வீட்டு ஆத்தாக்கள் இதே சண்டையைத் தம் பேரப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியது நாற்பது வயதுக்குமேல், அதுவும் நாவல்கள் படிக்க ஆரம்பித்த பிறகு.

கேள்வி: விசைத்தறி ஓட்டுகிறேன், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். படிக்க ஆசை. நேரமும் இல்லை, புத்தகம் வாங்கப் பணமும் இல்லை. எங்கே ஆரம்பிப்பது? (சோமனூர் வாசகர்)

பதில்: பணத்தை விடுங்கள். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாக நூலகச் சட்டம் போட்டது நம் மாகாணம்தான், 1948-ல். வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறார்கள், நீங்கள் வாடகை வீட்டில் இருந்தால் வாடகையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கிளை நூலகத்தில் இருப்பது உங்கள் பணம். போய் உறுப்பினராகுங்கள். மூடியிருந்தால் திறந்திருக்கிற நேரத்தைக் கேட்டுக்கொண்டு மறுபடி போங்கள், நானும் ஏழு தடவை பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன்தான்.

நாவலில் ஆரம்பிக்காதீர்கள். சிறுகதைத் தொகுப்பு ஒன்று எடுங்கள், வாரத்துக்கு ஒரு கதை போதும். தறியில் நிற்கிறவருக்கு ஒரு வசதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை படித்த கதையை அந்த வாரம் முழுக்கத் தறிச் சத்தத்துக்குள் மனதில் ஓட்டிக்கொண்டே இருக்கலாம், யாரும் வந்து பேச்சுக் கொடுக்க முடியாது. நூற்றுக்கணக்கான இழையில் ஒன்று அறுந்தால் கண்டுபிடிக்கிற கண் உங்களுக்கு இருக்கிறது. கதையிலும் எங்கோ ஒரு இழையை எழுதியவர் வேண்டுமென்றே அறுத்துவிட்டிருப்பார், அதைப் பிணைக்கிற வேலை படிக்கிறவருடையது. ஆகஸ்டு மாதம் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்கு ஒரு நடை போய் வாருங்கள், ஒன்றும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை, நின்று புரட்டிப் பார்க்க யாரும் காசு கேட்பதில்லை.

தபால் கார்டு: "இலக்கியம் நம் பக்கம் குறைச்சல் என்று எழுத உமக்கு என்ன தைரியம்? பதிற்றுப்பத்தில் வரும் கொடுமணம் எந்த நாட்டில் இருக்கிறது? பெருங்கதை பாடிய கொங்குவேளிர் எந்த ஊர்? படித்துவிட்டு எழுதும்." (விசயமங்கலத்திலிருந்து, ஓய்வு பெற்ற தமிழாசிரியர்)

பதில்: ஐயா, தப்புத்தான். 'படிக்கிற பழக்கம் குறைச்சல்' என்றுதான் எழுதினேன், 'இலக்கியம் குறைச்சல்' என்று எழுதவில்லை என்று வக்கீல் வாதம் செய்யலாம், உங்கள் கையெழுத்துக்கு முன்னால் அது எடுபடாது.

கொடுமணத்துக்கு, இப்போது கொடுமணல் என்கிற ஊருக்குப் போயிருக்கிறேன், சென்னிமலைப் பக்கம், நொய்யல் கரையில். பதிற்றுப்பத்து இரண்டு இடத்தில் அந்த ஊரின் பெயரைச் சொல்கிறது, அங்கே செய்த நகை நட்டு அந்தக் காலத்தில் அவ்வளவு பேர் வாங்கியது. அகழ்ந்து பார்த்தபோது கல்மணி செய்த பட்டறைத் தடயங்கள் கிடைத்தன, ஆட்களின் பெயர் கீறின பானை ஓடுகள் கிடைத்தன. பாட்டில் மன்னன் இருக்கிறான், மணி இருக்கிறது. மணியைப் பட்டை தீட்டினவர் தம் சோற்றுச் சட்டியில் தம் பெயரைத் தாமே கீறி வைத்துக்கொண்டார். அந்த ஓட்டையும் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம், நீங்கள் என்ன சொல்வீர்களோ.

பெருங்கதை விஷயத்தில் நான் முழுதாகக் குற்றவாளி. உ.வே.சா. 1924-ல் அச்சிட்ட நூலைப் பெயரளவில் தெரியும், உள்ளே போனது ஐந்து வருஷத்துக்கு முன்னால்தான். யாழ் இசைத்தே மதயானையை அடக்குகிற உதயணன் கதை. கிடைத்த ஏட்டில் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. இதற்கு மூலம் என்று சொல்லப்படும் குணாட்டியரின் பிருகத்கதையும் கிடைக்கவில்லை. அப்பனும் இல்லை, தலையும் காலும் இல்லை, நடு உடம்பு மட்டும் நம் கையில். முதல் பக்கம் இல்லாத புத்தகத்துக்குள் நுழைவது, நடு ராத்திரியில் பாட்டு பாதி முடிந்தபின் நோம்பிக் கூட்டத்தில் போய் உட்காருகிற மாதிரி இருந்தது, பக்கத்தில் இருப்பவரிடம் 'இது யாருங்க, எதுக்கு அழுவறாங்க' என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குப் பக்கத்தில் கேட்க ஆள் இல்லை, நாலில் ஒரு பங்குதான் புரிந்தது.

விசயமங்கலம் டோல்கேட்டில் மாதம் இரண்டு தடவையாவது வண்டி நிற்கிறது. உங்கள் ஊர்ச் சமணக் கோயிலை இதுவரை உள்ளே போய்ப் பார்த்ததில்லை. வருகிற ஞாயிறு காலை வருகிறேன். கார்டில் தெருப் பெயர் அழிந்திருக்கிறது, கோயில் வாசலிலேயே நிற்கிறேன். உங்கள் பெருங்கதைப் பிரதியையும் எடுத்து வாருங்கள், உஞ்சைக் காண்டத்தில் எனக்கு இடறின இடங்களை எல்லாம் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.